மூன்று கடற்கரைகளின் செம்பு: மதுரைப் பெண் எதைப் படிக்கலாம்?

அக்காள் மகள் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, திண்ணையில் மூன்று வரைபடங்களை விரித்து, காற்றில் பறக்காதபடி மூலைக்கொரு கல் வைத்தாள். நிலவியலில் முதுகலை முடித்தவள். செம்புத் தாதுக்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய அவளுக்கு மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. ஒன்று ஓமானின் பாத்தினாக் கடற்கரையை ஒட்டிய மலைகள். இன்னொன்று சிலி நாட்டின் அட்டகாமாக் கடற்கரை. மூன்றாவது தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் நமக்குவாலாந்து. மூன்றுமே கடலுக்கும் வறண்ட மலைக்கும் நடுவே கிடக்கும் நிலங்கள். மூன்றிலும் மழை அரிது, செம்பு உண்டு.

"ஆவணி பிறப்பதற்குள் பதில் எழுத வேண்டும் மாமா. அம்மா ஓமான் என்கிறாள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் சிலி என்கிறார்கள்" என்றாள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் மதுரை, திண்டுக்கல், தேனி வட்டாரங்களில் ஆழ்துளைக் கிணற்றுக்கு இடம் பார்த்துக் கொடுத்தவன் நான். செம்புச் சுரங்கத்தில் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. ஆனால் ரிக் வண்டி கக்கும் புழுதியின் நிறத்தைப் பார்த்து, "இன்னும் ஐம்பது அடி போகலாம்", "இதோடு நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லும் வேலை என்னுடையது. ஒரு விவசாயியின் கடன் தொகை அந்த ஒரு வார்த்தையில் தொங்கும். அந்தப் பழக்கத்தில்தான் இந்த மூன்று இடங்களையும் எடை போட்டேன். நமக்குவாலாந்துக்குப் போகச் சொன்னேன். அதற்கான காரணங்களை அவளைப் போன்ற மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

ஓமானில் தொடங்குகிறேன். அக்காள் அதைச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மூன்றில் பக்கமானது அதுதான். சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், கடைத்தெருவில் தமிழ் கேட்கும். நிலவியலும் லேசுப்பட்டதில்லை. சுமார் 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் உருவான ஒரு முழுத் தரை, அரேபியாவின் விளிம்பின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. செமாயில் ஓஃபியோலைட் என்று அதற்குப் பெயர். மற்ற இடங்களில் கப்பலில் போய்த் துளையிட்டால்தான் பார்க்க முடிகிற கடலடிப் பாறையை அங்கே நடந்தே பார்க்கலாம். கீழே பூமியின் மேலோட்டுக்கு அடியில் இருந்த மேன்டில் பாறை, அதன்மேல் ஆழத்தில் மெல்ல உறைந்த காப்ரோ, அதன்மேல் வெடிப்புகளில் குழம்பு ஏறி உறைந்து செங்குத்தாக அடுக்கிய டைக்குகள், உச்சியில் தலையணை எரிமலைக்குழம்பு. 'வாடி' என்றால் காட்டாற்றுப் படுகை. வாடி ஜிஸ்ஸியில் இருக்கும் தலையணைப் பாறைமுகம் உலகத்து நிலவியல் மாணவர்கள் எல்லாரும் படத்தில் பார்த்தது. நெல் மூட்டைகளை அள்ளிப் போட்டது போல ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்கும்.

செம்பு அங்கே வந்த விதமும் தெளிவானது. கடல்நீர் வெடிப்புகள் வழியே இறங்கிச் சூடேறி, பசால்ட் என்ற எரிமலைப் பாறையில் கலந்திருந்த செம்பையும் இரும்பையும் கரைத்துக்கொண்டு, 350 டிகிரி வெப்பத்தில் கரும்புகை போல மேலே பீறிடுகிறது. குளிர்ந்த கடல்நீர் பட்டதும் கந்தகத்தோடு சேர்ந்து படிகிறது. லசாயில், ஆர்ஜா, பைடா என்று சொஹாருக்குப் பின்னால் இருக்கும் தாதுக்குவியல்கள் அப்படி வந்தவை. வெளியில் தெரியும் பகுதி துருப்பிடித்துச் செம்மண் தொப்பி போல நிற்கும். அந்தத் தொப்பியை அடையாளம் வைத்துத்தான் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே செம்பு வெட்டினார்கள். சுமேரியர் 'மகன்' என்று எழுதியது இந்த நிலத்தைத்தான். மெலுகா (சிந்துவெளி), மகன், தில்முன் (பஹ்ரைன் பக்கம்) கப்பல்கள் தன் துறையில் கட்டி நின்றன என்று அக்காத் மன்னன் சார்கோன் பெருமைப்பட்டிருக்கிறான். சொஹாரில் நவீன உருக்காலை 1983-இல்தான் வந்தது.

தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு இழுப்பும் உண்டு. ஓமானின் தென்கோடியில், கோர் ரோரி என்ற பழைய துறைமுகத்தில், 'ணந்தை கீரன்' என்று தமிழ் பிராமியில் கீறிய பானை ஓடு கிடைத்திருக்கிறது. கீழடி ஓடுகளைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதைப் படிக்கும்போது மனம் துள்ளத்தான் செய்யும்.

இத்தனை இருந்தும் நான் ஓமானுக்கு ஒப்பவில்லை. 1970-களில் இருந்து பல நாட்டு நிலவியலாளர்கள் அந்த வாடிகளில் நடந்து தேய்த்துவிட்டார்கள். 2016 முதல் 2018 வரை ஒரு பெரிய பன்னாட்டுத் திட்டம் அங்கே துளையிட்டு நீள நீளமாகப் பாறைத்தண்டுகளை எடுத்தது. புதிதாகப் போகிறவளுக்கு மிஞ்சுவது ஒரு பெரிய கேள்வியின் பத்தாவது கிளை. இன்னொன்று, அந்தப் பாறையைப் படிக்க மதுரை மண் அவளுக்கு எதையும் கற்றுக் கொடுக்கவில்லை. யானைமலையிலும் திருப்பரங்குன்றத்திலும் ஏறி இறங்கிய கண்ணுக்குத் தலையணைக் குழம்பு புத்தகத்தில் பார்த்த சங்கதிதான்.

சிலியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அதன் பெருமை எல்லாருக்கும் தெரியும். உலகில் வெட்டியெடுக்கப்படும் செம்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அந்த ஒரு நாட்டில் இருந்து வருகிறது. சுக்கிகமாட்டா சுரங்கத்தின் குழி நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளம். 2019-இல் அதை நிலத்தடிச் சுரங்கமாக மாற்றத் தொடங்கினார்கள். 1990-இல் உற்பத்தியைத் தொடங்கிய எஸ்கொண்டிடா சுரங்கத்துக்கு அந்தோபகஸ்தா துறைமுகப் பக்கத்துக் கடல்நீரை நன்னீராக்கி, 3,000 மீட்டர் உயரத்துக்குக் குழாயில் ஏற்றுகிறார்கள். தண்ணீருக்காகவே வாழ்நாளைச் செலவிட்டவன் என்பதால் அந்தக் குழாயின் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடற்கரையோரமாகவே ஜுராசிக் காலத்து எரிமலைப் பாறைகளுக்குள் சின்னச் சின்னச் செம்புப் படிவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. மலைக்குள் இருக்கும் பெரும் படிவுகளின் கதை வேறு: பசிபிக் கடலடியில் இருக்கும் நாஸ்கா என்ற நிலத்தட்டு தென்னமெரிக்கக் கண்டத்துக்கு அடியில் செருகிப்போக, மேலே எழுந்த பாறைக்குழம்பு செம்பைக் கொண்டு வந்தது. பிறகு மழைநீர் மேற்பகுதிச் செம்பைக் கரைத்துக் கீழே இறக்கி, ஓர் அடுக்கில் கெட்டியாகச் சேர்த்தது. அதன்பின் வந்த கடும் வறட்சி அந்தச் சேமிப்பை அரித்துப் போகாமல் காத்தது. அட்டகாமைட் என்ற பச்சைக் கனிமத்துக்கே அந்தப் பாலையின் பெயர்தான்.

படித்து முடித்ததும் சுரங்கத்தில் சம்பளம் வேண்டும் என்றால் சிலிதான் சரி. இதில் எனக்கு மறுபேச்சு இல்லை. வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிற பிள்ளையாக இருந்தால் முதல் ஆளாக நானே பெட்டி கட்டிக் கொடுப்பேன். ஸ்பானிஷ் கற்க வேண்டும். அதை ஓர் ஆண்டில் கற்றுவிடலாம். ஆனால் அங்கே பெரிய நிறுவனங்கள் தங்கள் துளைத்தரவுகளைக் கையில் வைத்திருக்கின்றன. அவர்கள் கொடுப்பதை வைத்து அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் தேடும் ஆய்வாகத்தான் அது முடியும். இவளுக்கு ஆராய்ச்சிதான் விருப்பம் என்று மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே அதைத் தள்ளினேன்.

இனி நமக்குவாலாந்து. பெங்குவெலா என்ற குளிர்நீரோட்டம் ஓடும் அட்லாண்டிக் கரை. காலையில் மூடுபனி, பகலில் வெயில், வசந்தத்தில் சில வாரங்கள் மட்டும் தரை முழுக்கப் பூ. அந்த மண்ணின் மக்களான நாமா இனத்தார் வெகுகாலமாகச் செம்பை அறிந்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த செம்பைப் பார்த்துத்தான் கேப் டச்சுக் குடியேற்றத்தின் தலைவராக இருந்த சைமன் வான் டெர் ஸ்டெல் 1685-இல் மாட்டு வண்டிகளோடு வடக்கே கிளம்பினார். இப்போது ஸ்பிரிங்பாக் ஊர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தோண்டியும் பார்த்தார். செம்பு இருந்தது. தண்ணீர் இல்லை, விறகு இல்லை, கப்பல் நிற்கத் துறை இல்லை. திரும்பிவிட்டார். அதன்பிறகு 1852 வரை யாரும் அங்கே தொழிலாகச் சுரங்கம் நடத்தவில்லை. பிறகு ஓகீப் சுரங்கம் 1870-களில் உலகின் மிக வளமான செம்புச் சுரங்கம் என்று பெயர் வாங்கியது. போர்ட் நோலோத் துறைமுகத்துக்குக் குறுகிய ரயில் பாதை போட்டார்கள். முதலில் அதில் கோவேறு கழுதைகள்தான் பெட்டிகளை இழுத்தன. இங்கிலாந்தின் கார்ன்வாலில் இருந்து வந்த சுரங்கத் தொழிலாளர்கள் 1882-இல் கட்டிய நீரிறைக்கும் எந்திரக் கூடம் ஓகீப்பில் இன்றும் நிற்கிறது. 2000-களின் தொடக்கத்தில் பழைய சுரங்கங்கள் ஓய்வதற்குள் அந்த வட்டாரம் சுமார் 20 லட்சம் டன் செம்பைக் கொடுத்துவிட்டது.

இவ்வளவும் வரலாறு. என்னைப் பிடித்து நிறுத்தியது பாறை.

அங்கே இருப்பது கிரானுலைட் நிலம். அதாவது, பூமியின் ஆழத்தில் 800 டிகிரிக்கு மேல் வெந்து, பிறகு மேலே வந்த பாறை. அந்த வேக்காடு நூறு கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன் நடந்தது. நம் மதுரைப் பாறையும் அப்படி வெந்ததுதான், காலம் மட்டும் வேறு. நமது வேக்காடு சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. அப்படி வெந்த நம் ஊர்ச் சார்னோக்கைட் பாறையைப் புதிதாக உடைத்தால் எண்ணெய் தடவியது போல ஒரு மங்கல் பளபளப்பு தெரியும். குவார்ட்ஸ்கூட நீலம் ஓடி இருக்கும். கல்கத்தாவில் ஆங்கிலக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறையில் இருந்த, சென்னைப் பக்கத்துக் கல்லை வைத்து ஹாலண்ட் என்ற நிலவியலாளர் இதற்குப் பெயர் சூட்டினார். மதுரைப் பக்கத்து ரிக்காரருக்கு அது வெறும் 'கருங்கல்'. நீலம் கலந்த சாம்பல் புழுதி வந்தால் அவர் என் முகத்தைப் பார்ப்பார், நான் அவர் முகத்தைப் பார்ப்பேன்.

ஒப்புமை அதோடு நிற்கவில்லை. கொடைக்கானல் மலையடிவாரத்தில் இருக்கும் கெங்குவார்பட்டி, சஃபிரின் என்ற அரிய கனிமத்துக்காக உலக நிலவியலாளர்கள் அறிந்த ஊர். மிக அதிக வெப்பத்தில் வெந்த பாறைக்கு அது அத்தாட்சி. அதே சஃபிரினை நமக்குவாலாந்துப் பாறையிலும் கண்டு 1970-களிலேயே எழுதியிருக்கிறார்கள். அடுத்தது இன்னும் முக்கியம். நமக்குவாலாந்தின் செம்பு இருப்பது கோப்பர்பெர்க் தொகுதி என்ற பாறைகளில்: வெளிறிய பெல்ட்ஸ்பார் கனிமமே நிறைந்த அனார்த்தோசைட், அதைவிடக் கருத்த டயோரைட், நோரைட், ஹைபர்ஸ்தீன் என்ற கரிய கனிமம் மிகுந்த கரும்பாறை. நூற்றுக்கணக்கான சிறு சிறு உடல்களாக அவை வெந்த பாறைக்குள் செருகிக் கிடக்கின்றன. பாறையடுக்குகள் மடங்கிச் செங்குத்தாக நிமிர்ந்த இடங்களில்தான் அவை பெரும்பாலும் தங்கியிருக்கின்றன. வெள்ளை அனார்த்தோசைட்டில் செம்பு குறைவு. ஹைபர்ஸ்தீனும் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமமும் கூடிய கரும்பகுதியில் போர்னைட், சால்கோபைரைட் என்ற செம்புத் தாதுக்கள் சேர்ந்திருக்கும்.

நமக்கும் அனார்த்தோசைட் இருக்கிறது. ஒட்டன்சத்திரத்தைச் சுற்றி இருப்பது அதுதான். வயது சுமார் 56 கோடி ஆண்டு. கரூர் மாவட்டத்துக் கடவூரில் இன்னொன்று, சுமார் 83 கோடி ஆண்டுப் பழமை. வட்டமாக மலை சூழ்ந்த அந்தக் கிண்ணத்தைத் தேவாங்குக்காக இப்போது சரணாலயம் ஆக்கியிருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் செம்புச் சுரங்கம் கிடையாது. வெந்த பாறை அங்கும் உண்டு, இங்கும் உண்டு. அனார்த்தோசைட்டும் நோரைட்டும் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. அங்கே 20 லட்சம் டன் செம்பு, இங்கே இல்லை. ஏன்? அவள் நான்கு ஆண்டுகள் சுமந்து திரிய வேண்டிய கேள்வி இதுதான் என்றேன்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பாறைக்குழம்பில் செம்பு எப்போதும் கொஞ்சம் கரைந்தே இருக்கும். குழம்பு தாங்கக்கூடிய அளவுக்கு மேல் கந்தகம் சேர்ந்தால்தான் சல்ஃபைடு, அதாவது உலோகமும் கந்தகமும் சேர்ந்த பொருள், தனியே திரளும்; மோரைக் கடையும்போது வெண்ணெய் திரள்வது போல. திரளும் துளி சுற்றிலும் இருக்கும் செம்பையெல்லாம் தன்னோடு இழுத்துக்கொள்ளும். கந்தகம் பற்றவில்லை என்றால் செம்பு மோரிலேயே தங்கிவிடும். ஒட்டன்சத்திரத்தில் வெண்ணெய் திரளவில்லையா, அல்லது திரண்டு நம் கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் படிந்துவிட்டதா? நமக்குவாலாந்திலும் புதிர் தீர்ந்துவிடவில்லை. இத்தகைய கரும்பாறையில் செம்போடு நிக்கலும் நிறைய வருவதுதான் வழக்கம். அங்கே நிக்கல் சொற்பம், செம்பு மட்டும் கொழுத்திருக்கிறது. இதற்குக் காரணம் சொல்லப் பலர் முயன்றிருக்கிறார்கள், ஒரு முடிவும் நிலைக்கவில்லை. ஆய்வு மாணவிக்கு இதைவிட நல்ல இடம் எது?

ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன என்பதால் இரண்டும் ஒரே பாறை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்போது மதுரைக்குப் பக்கத்து வீடு மடகாஸ்கர். நமக்குவாலாந்து வெகு தொலைவில் இருந்தது. சமையல் முறை ஒன்று, அடுப்படி வேறு. அப்படி இருப்பதால்தான் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயன் இருக்கிறது.

பணக் கணக்கும் இதற்கே சாதகம். ஓமானையோ சிலியையோ எடுத்தால் விமானம் ஏறிய பிறகுதான் வேலை தொடங்கும். இதில் அடுத்த சனிக்கிழமையே தொடங்கலாம். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் ஒட்டன்சத்திரம். வத்தலக்குண்டு வழியாகக் கெங்குவார்பட்டி. கல் எடுத்து, அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு அங்கே போகிறவள், வழிகாட்டியின் முன் வெறுங்கையோடு நிற்க மாட்டாள்.

அக்காளின் கவலை வேறு. "முன்பின் தெரியாத ஊர், கடைசிக் கோடி, சுரங்கமும் மூடிப்போன இடம்" என்றாள். மூடிப்போனது என்பது முழுக்கக் குறையில்லை. பழைய சுரங்கங்களின் வரைபடங்களும் ஒன்றரை நூற்றாண்டுக் குறிப்புகளும் அந்த வட்டாரத்துக்கு உண்டு. கழிவுக்கல் குவியல்களில் நல்ல மாதிரி கிடைக்கும். ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்கலாம். தூரம் தூரம்தான், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. அக்காளுக்கு உடம்பு சரியில்லாத நிலை இருந்திருந்தால் ஓமானுக்கே தலையாட்டியிருப்பேன். அதையும் அவளிடம் மறைக்காமல் சொன்னேன்.

இன்னொரு விஷயத்தைப் பேசாமல் செம்பைப் பற்றி மதுரையில் யாரும் பேச முடியாது. தூத்துக்குடி உருக்காலைக்குத் தாதுப்பொடி கப்பலில்தான் வந்தது. எங்கோ ஒரு கடற்கரை மலையை வெட்டி அரைத்த பொடி. 2018 மே மாதம் அந்த ஆலைக்கு எதிரான போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள், ஆலை மூடப்பட்டது. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியில் பாண்டியர் குடைவரையும் சமணர் படுக்கைகளும் இருக்கின்றன. 2022-இல் அதைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள். அந்த வட்டாரத்தை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024-இல் முடிவானதும் ஊர் ஊராக மக்கள் எழுந்தார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தாது எங்கே இருக்கிறது என்று சொல்வதோடு நிலவியலாளரின் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதை அந்த ஊர்ப் பெண்கள் எனக்குக் கற்றுக் கொடுத்தார்கள். நமக்குவாலாந்தில் நாமா மக்களின் செம்பு கப்பலேறிப் போனது, ஊர்கள் வேலையில்லாமல் நின்றன. அங்கே போகும் இவள், பாறையைத் தட்டும் முன் அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். எந்த வாடகை அறையில் தங்குவது என்பதைவிட அது எனக்குப் பெரிய நிபந்தனை. அவள் ஒத்துக்கொண்டாள்.

பதில் எழுதுவதற்கு முந்தைய சனிக்கிழமை இருவரும் ஒட்டன்சத்திரம் போனோம். ரோட்டோரம் கிணறு வெட்டிப் போட்ட கற்குவியல் ஒன்றை, நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டுப் புரட்டினோம். பெரும்பாலும் வெளிறிய அனார்த்தோசைட். வெயிலில் பெல்ட்ஸ்பார் முகங்கள் மின்னின. பதினொரு மணிக்குமேல் அவள் ஒரு கரிய கல்லைக் கண்டெடுத்தாள். நோரைட். சுத்தியலால் ஓரத்தைத் தட்டி, எச்சில் தொட்டு ஈரமாக்கி, லென்ஸைக் கண்ணோடு வைத்துக் கல்லை மெல்லத் திருப்பினாள்.

"மாமா, பித்தளை நிறத்தில் ஒரு பொட்டு."

வாங்கிப் பார்த்தேன். கடுகில் பாதிகூட இல்லை. செம்பே இல்லாத பைரைட்டாக இருக்கலாம், சால்கோபைரைட்டாக இருக்கலாம். பைரைட் என்றால் ஊசி கீறாது. சால்கோபைரைட் கீறல் விழும். இவ்வளவு சின்னப் பொட்டில் ஊசி வைத்தால் பொட்டே போய்விடும். அறுத்து மெருகேற்றித்தான் பார்க்க வேண்டும். அவள் கல்லைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே தேதியையும் கிணற்றின் இடத்தையும் எழுதிப் பைக்குள் வைத்தாள். நிலத்துக்காரர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். "கல்லில் என்னம்மா தேடுகிறீர்கள், தண்ணீரா?" என்று கேட்டார்.

"செம்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன் ஐயா" என்றாள்.

"இருந்தால் என் கிணறு என்ன ஆகும்?" என்று கேட்டார் அவர். அவள் மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்து பதில் சொல்லத் தொடங்கினாள்.